வேலைக்கு நடுவே அனிமேஷன் படமா? முதலில் கத்தரியை எடுங்கள்

பெங்களூரில் ஐடி வேலை பார்த்துக்கொண்டே அனிமேஷன் குறும்படம் எடுக்க ஆசையா? முதலில் ஒரு கணக்கு. திரையில் நொடிக்கு 24 ஃபிரேம், அதாவது அசையாப் படங்கள், ஓடும். ஒரே ஓவியத்தை இரண்டு ஃபிரேமுக்கு நிறுத்தினாலும் நொடிக்கு 12 ஓவியம் வேண்டும். மூன்று நிமிடப் படத்துக்கு 2,160! ராத்திரிக்குப் பத்து வரைந்தால் 216 ராத்திரி.

அதனால் வரைவதற்கு முன் அனிமேடிக், அதாவது படத்தின் கச்சா முன்னோட்டம், செய்து தேவையில்லாததை வெட்டிவிடுங்கள். குச்சி மனிதர்களாகக் கிறுக்கி, வசனத்தை போனில் நீங்களே பேசிப் பதிந்து, ஒவ்வொரு படமும் எத்தனை நொடி நிற்க வேண்டும் என்று வரிசையாக ஒட்டிப் பாருங்கள். என் படத்தில் பாட்டி மாடிப்படி ஏறும் காட்சி 20 நொடி இருந்தது. செருப்புச் சத்தமும் கதவு திறப்பதும் போதும் என்று அப்போதுதான் புரிந்தது. 240 ஓவியம் மிச்சம்!

கிறுக்குவதற்கு ஒயிட்ஃபீல்டு மெட்ரோ பயணம் போதும், உட்கார இடம் கிடைத்தால். மென்பொருளுக்குச் செலவே வேண்டாம். பிளெண்டர் இலவசம், அதிலுள்ள கிரீஸ் பென்சில் என்ற கருவியில் 2டி படமும் வரையலாம். அப்புறம், ஃபைலை இரண்டு இடத்தில் சேமியுங்கள். ஒரே ஹார்ட் டிஸ்க்கை நம்பி ஒரு மாத உழைப்பைத் தொலைத்தவன் சொல்கிறேன்.