பேர்தான் கண்ணாடி: ஜீப்பின் பின் ஜன்னலில் நாம் செய்யும் தவறுகள்

மடக்கும் துணி டாப் போட்ட ஜீப்பில் பின்பக்கம் தெரிவதைக் கண்ணாடி என்றே சொல்லிப் பழகிவிட்டோம். உண்மையில் அது பிவிசி தாள். நெகிழ்வாக இருப்பதற்காக எண்ணெய் மாதிரி ஒரு பொருளைக் கலந்து செய்வார்கள். வெயில் பட்டுப் பட்டு அது வெளியேறிவிட்டால் தாள் மஞ்சளாகி விறைத்துப்போகும். ஒருநாள் டாப்பை மடக்கும்போது ‘சடக்’ என்று கீறும். திருநெல்வேலி வெயிலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. பேர் கண்ணாடி என்பதால் வைத்தியமும் கண்ணாடிக்குச் செய்வதையே செய்கிறோம். அங்கேதான் கோளாறு.

என் ஜீப்பில் முதல் கீறல் சுண்டுவிரல் நீளம்தான் இருந்தது. உவரிக்குப் போய்வந்த மறுநாள் பார்த்தேன். வீட்டில் கிடந்த உடனே ஒட்டும் பசையில் இரண்டு சொட்டு விட்டு அழுத்திப் பிடித்தேன். ஒட்டிக்கொண்டது. சுற்றிலும் வெள்ளையாகப் பூத்ததை நான் கண்டுகொள்ளவில்லை. அந்தப் பசை காய்ந்தால் கல். தாளோ வளைய வேண்டியது. அடுத்த முறை டாப்பை இறக்கியபோது பசை இருந்த இடம் வளையாமல் நிற்க, அதை ஒட்டி இரண்டு பக்கமும் புதிதாகக் கிழிந்து, சுண்டுவிரல் ஒரு சாணாகிவிட்டது.

பாளையங்கோட்டையில் குஷன் வேலை செய்யும் அண்ணாச்சி ஒருவரிடம் கொண்டுபோனேன். நகத்தால் சுரண்டிப் பார்த்தார். “என்னத்த ஊத்துனீய? அன்னைக்கே வந்திருந்தா ஒரு ஒட்டுல முடிஞ்சிருக்கும்லா” என்றார்.

அவர் சொன்ன ஒட்டு இதுதான். கீறலின் இரண்டு முனையிலும் பெல்ட்டுக்கு ஓட்டை போடும் ‘பஞ்ச்’ கருவியால் சின்ன வட்டத் துளை. கூரான முனையில் இழுப்பெல்லாம் ஒரே புள்ளியில் குவியும், அதனால்தான் கீறல் ஓடுகிறது. வட்டமாக்கினால் இழுப்பு பரவி, கீறல் அங்கேயே நின்றுவிடும். பிறகு அதே வகைத் தாளில், கீறலைச் சுற்றி ஒரு அங்குலமாவது கூடுதலாக இருக்கும்படி ஒரு துண்டு வெட்டி, நான்கு மூலையையும் வளைவாக நறுக்கி, காற்றடிக்கும் மெத்தை ஒட்டுகிற நெகிழும் வினைல் பசையால் ஒட்ட வேண்டும். மூலையைக் கூராக விட்டால் அங்கிருந்துதான் உரியத் தொடங்கும்.

தண்ணீர்க் குழாய்க்குப் போடும் சொல்யூஷனை எடுக்கக்கூடாது. ‘அதுவும் பிவிசி, இதுவும் பிவிசி’ என்று கேட்கத் தோன்றும், எனக்கும் தோன்றியது. அது தடித்த குழாயின் மேல்பரப்பைக் கரைத்து இறுக்குவதற்காகச் செய்தது. மெல்லிய தாளில் தடவினால் சுருங்கி, பால் மாதிரி மங்கிவிடும்.

டயருக்குப் போடும் பாலிஷையோ தேங்காய் எண்ணெயையோ தடவிப் பளபளப்பாக்கி வைத்திருந்தால் எந்த ஒட்டும் நிற்காது. சோப்புத் தண்ணீரால் நன்றாகக் கழுவிக் காயவிட்ட பிறகே பசையைத் தொட வேண்டும். பெட்ரோல், தின்னர், அமோனியா கலந்த கண்ணாடி கிளீனர் மூன்றும் வேண்டாம்.

சரி, எதற்கும் ஒட்டுப் போட்டுக்கொண்டே இருக்க முடியுமா? விரலால் அழுத்திப் பாருங்கள். தாள் அமுங்காமல் விறைப்பாக நின்றால், இல்லை அழுத்திய இடம் வெளுத்தால், மாற்றிவிடுவதே மேல். ஒட்டுக்குப் பக்கத்திலேயே அடுத்த கிழிசல் காத்திருக்கும்.

மாற்றும்போது நடக்கும் பெரிய தவறு, சாப்பாட்டு மேசைக்கு விரிக்கும் மெல்லிய பிளாஸ்டிக்கை மீட்டர் கணக்கில் வாங்கிவந்து கொடுப்பது. முக்கால் மில்லிமீட்டராவது தடிமன் வேண்டும். கடை வாசலில் தாளைப் பிடித்து அதன் வழியாகக் கரண்ட் கம்பியைப் பாருங்கள். கம்பி நெளிந்து தெரிந்தால், ராத்திரி பின்னால் வரும் லாரி விளக்கும் அப்படித்தான் தெரியும். வாங்கியதைச் சுருட்டி எடுத்துவர வேண்டும். நான்காக மடித்தால் மடிப்புத் தடம் போகவே போகாது.

தையலில் ‘நெருக்கமாப் போடுங்க, உறுதியா இருக்கட்டும்’ என்று நாமே போய்க் கெடுப்போம். துணிக்கு அது சரி. பிளாஸ்டிக்கில் ஒவ்வொரு குத்தும் ஒரு ஓட்டை. நெருக்கமாகக் குத்தினால் தபால்தலைத் தாள் மாதிரி வரிசையாகக் கிழியும். அங்குலத்துக்கு ஐந்தாறு தையல் போதும். நூல் பாலியஸ்டராக இருக்கட்டும். பருத்தி நூல் சாரலில் நனைந்து வெயிலில் காய்ந்தே இற்றுவிடும். அப்புறம் ஆடிக் காற்றில் டாப் படபடவென்று அடிக்கும்போது தையல் விட்டுப்போகும்.

இன்னொன்று, பழையதை முதலில் வெட்டி எடுத்துவிடுவது. அந்த இடம் வெறுமையானதும் துணி தன் இஷ்டத்துக்கு இழுபட்டு அளவு மாறிவிடும். அண்ணாச்சி பழையதன் மேலேயே புதியதை வைத்துத் தைத்து, அதற்குப் பிறகுதான் பழையதை உள்பக்கமாக நறுக்கி எடுத்தார். ஒரு சுருக்கம் இல்லை.

புதுத் தாள் போட்ட வாரத்திலேயே அதைக் கெடுக்கவும் வழி உண்டு. சாத்தான்குளம், திசையன்விளைப் பக்கம் போய்வந்தால் தேரி மண் சிவப்பாகப் படிந்திருக்கும். உலர்ந்த துணியால் ஒரு துடைப்பு துடைத்தால் போதும், உப்புத்தாள் தேய்த்த மாதிரிதான். முதலில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி மண்ணை இறக்க வேண்டும். மண்ணோடு டாப்பை மடக்குவதும் அதே கதி. நான் இப்போது சீட்டுக்கு அடியில் ஒரு பழைய வேட்டி வைத்திருக்கிறேன். மடக்கும்போது அதைப் பிளாஸ்டிக்கின் மடிப்புக்குள் விரித்துவிடுவேன்.