மருத்துவ ஆய்வாளரின் கட்டுரைப் பட்டியல்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

அவசர மருத்துவத்திலும் நரம்பறிவியலிலும் ஆய்வு செய்யும் ஒரு மருத்துவரின் கட்டுரைப் பட்டியலைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது எண்ணிக்கைதான். நூறு, இருநூறு என்று நீளும் பட்டியலைப் பார்த்ததுமே ஆளை எடைபோட்டுவிடுகிறோம். ஆனால் அந்த இருநூறில் முழு ஆய்வுக் கட்டுரையும் இருக்கும், ஆய்விதழ் ஆசிரியருக்கு எழுதிய அரைப்பக்கக் கடிதமும் இருக்கும். ஒரே ஆய்வு முதலில் மாநாட்டுச் சுருக்கமாக வரும், பிறகு கட்டுரையாக வரும், அதன் துணைப் பகுப்பாய்வு தனியாக இன்னொரு முறை வரும். அதனால் எண்ணுவதற்கு முன் வகை பிரியுங்கள்.

அதற்கும் முன்னால், பட்டியல் ஒரே ஆளுடையதுதானா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் இணையத் தளமான பப்மெட்டில் குடும்பப் பெயரையும் முதலெழுத்தையும் மட்டும் போட்டுத் தேடினால் நாலைந்து பேரின் கட்டுரைகள் கலந்து வரும். 2012இல் தொடங்கிய ஆர்க்கிட் என்ற 16 இலக்க அடையாள எண் இந்தக் குழப்பத்துக்காகவே வந்தது. அது இருந்தால் அதை வைத்துத் தேடுவதே நல்லது.

பெயர் எந்த இடத்தில் இருக்கிறது என்பதையும் பார்க்காமல் விடக்கூடாது. மருத்துவ ஆய்வில் பெரும்பாலும் முதல் பெயர் வேலையைச் செய்தவருடையது, கடைசிப் பெயர் வழிநடத்தியவருடையது. பல மருத்துவமனைகள் சேர்ந்து நடத்தும் பெரிய சோதனைகளில் நோயாளிகளைச் சேர்த்துக் கொடுத்தவர்களின் பெயர்கள் ‘ஒத்துழைப்பாளர்’ என்று தனியாக வரும். அதுவும் மதிப்புள்ள உழைப்புதான், ஆனால் கட்டுரையின் ஆசிரியர் என்பது வேறு.

கட்டுரைகள் எத்தனை முறை மேற்கோள் காட்டப்பட்டன என்பதை வைத்து ஆய்வாளரை அளக்கும் ஹெச்-இண்டெக்ஸ் என்ற எண்ணை இயற்பியலாளர் ஹிர்ஷ் 2005இல் முன்வைத்தார். 20 என்றால், குறைந்தது 20 முறை மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைகள் 20 இருக்கின்றன என்று பொருள். வயது கூடினால் இந்த எண்ணும் கூடும், துறைக்குத் துறையும் மாறும். நரம்பறிவியல் ஆய்வுக்கூடத்தில் இருப்பவரையும் அவசரப் பிரிவில் இரவுப் பணி பார்த்துக்கொண்டே ஆய்வு செய்பவரையும் இதை வைத்து ஒப்பிடுவது நியாயமே அல்ல.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, எலியில் கிடைத்த பலனை மனிதருக்கான சிகிச்சையாக எடுத்துக்கொள்வது. புரோஜெஸ்டிரோனின் கதையைப் பாருங்கள். தலையில் அடிபட்ட விலங்குகளில் அந்த ஹார்மோன் மூளை வீக்கத்தைக் குறைத்தது. 2007இல் 100 பேரிடம் நடந்த சிறிய சோதனையிலும் நம்பிக்கை தெரிந்தது. அடிபட்ட 4 மணி நேரத்துக்குள் மருந்தைத் தொடங்கிய புரோடெக்ட் 3 என்ற பெரிய சோதனை, 882 பேர் சேர்ந்த நிலையில் பலன் தெரியாததால் நிறுத்தப்பட்டது. கிட்டத்தட்ட 1,200 பேரிடம் நடந்த சினாப்ஸ் சோதனையும் கைகொடுக்கவில்லை. இரண்டின் முடிவுகளும் 2014இல் வெளியாயின. 2007 கட்டுரையோடு வாசிப்பை நிறுத்தியவருக்கு அது வெற்றிக் கதை. ஒரு கேள்வி எங்கே தொடங்கி எங்கே போய் முடிந்தது என்று ஆண்டு வரிசையில் தொடர்ந்து போனால்தான் பட்டியல் பேசும்.

பலனில்லை என்று சொன்ன ஆய்வைத் தோல்வியாக எண்ணி ஒதுக்குவதும் அதே அளவு தவறு. தலைக்காயத்துக்கு ஸ்டீராய்டு கொடுக்கும் வழக்கம் 30 ஆண்டுகளுக்கும் மேலாக இருந்துவந்தது. 10,008 பேரைச் சேர்த்த கிராஷ் சோதனையின் முடிவு 2004இல் லான்செட் மருத்துவ ஆய்விதழில் வந்தது. ஸ்டீராய்டு பெற்றவர்களில் 21.1 சதவீதம் பேர் இரண்டு வாரத்துக்குள் இறந்திருந்தார்கள், பெறாதவர்களில் 17.9 சதவீதம். நல்லெண்ணத்தில் கொடுத்துவந்த மருந்து உயிரைப் பறித்துக்கொண்டிருந்தது தெரியவந்தது. இப்படி ஒரே ஒரு கட்டுரையில் உழைத்தவரைப் பாராட்ட எனக்கு வேறு எண் எதுவும் தேவையில்லை.

கடைசியாக இரண்டு சரிபார்ப்புகள். கட்டுரை திரும்பப் பெறப்பட்டதா, திருத்தப்பட்டதா என்ற அறிவிப்பு பப்மெட் பக்கத்தின் மேலேயே இருக்கும், தவறாமல் பாருங்கள். அடுத்து, 2005 முதல் முன்னணி மருத்துவ ஆய்விதழ்கள் முதல் நோயாளியைச் சேர்க்கும் முன்பே சோதனையைப் பதிவு செய்திருக்க வேண்டும் என்கின்றன. எதை முதன்மை முடிவாக அளக்கப் போகிறோம் என்று அந்தப் பதிவில் சொல்லியிருப்பார்கள். கட்டுரையில் வேறொன்று முதன்மை முடிவாக மாறியிருந்தால், ஏன் மாற்றினார்கள் என்ற விளக்கத்தைக் கட்டுரைக்குள் தேடுங்கள். விளக்கம் இல்லையென்றால் அந்த முடிவை நம்பிச் சிகிச்சையை மாற்ற வேண்டாம்.