மாரியில் ஓடிச் சித்திரை மரதனுக்குத் தயாராவது

ஐப்பசி மழை தொடங்கியதும் எங்கள் பக்கத்தில் ஓடுகிறவர்கள் பலர் சப்பாத்தைக் கழுவி எடுத்து வைத்துவிடுவார்கள். மாசி வெயில் எறித்து, சித்திரைப் புத்தாண்டு விளையாட்டு விழாவுக்குப் பெயர் கேட்கிற நேரத்தில்தான் திரும்ப எடுப்பார்கள். அப்போது மிச்சம் ஆறேழு கிழமை. அதற்குள் தூரமும் வேண்டும், வேகமும் வேண்டும் என்று அடித்துப்பிடித்து ஓடி, கணுக்காலுக்கு மேலே முன்னெலும்பு நோகத் தொடங்கி, மரதன் நாளன்று தண்ணீர்ப் போத்தல் கொடுக்கிற பக்கம் நிற்பார்கள். எனக்கு இது ஒவ்வொரு வருடமும் மனவருத்தம். மட்டக்களப்பில் ஓட்டப் பயிற்சிக்கு வருடத்திலேயே நல்ல காலம் மாரிதான்.

காரணம் வெப்பம். ஆனி, ஆடியில் கச்சான் காற்று வீசும்போது பகலில் 34, 35 பாகை சாதாரணம். காலை ஏழு மணிக்கே உடம்பு கொதிக்கும். அந்த வெப்பத்தில் இதயம் தசைக்கு மட்டும் இரத்தம் அனுப்பினால் போதாது, உடம்பைக் குளிர வைக்கத் தோலுக்கும் அனுப்ப வேண்டும். அதனால் மெதுவாக ஓடினாலும் மூச்சு வாங்கும். மார்கழி, தையில் விடியப்புறம் 23, 24 பாகைதான். காற்றில் ஈரம் கூட, வியர்வை காயாது, உண்மைதான். ஆனாலும் வெயில் இல்லை, வாடைக்காற்று இருக்கிறது. அதே உழைப்புக்குக் கால் தானாகவே வேகமாகப் போகும்.

நான் இருப்பது கல்லடி உப்போடையில். நாற்பது கடந்தவள், அலுவலகத்தில் கதிரை வேலை. தங்கையின் மகளும் நானும் சேர்ந்து ஓடுகிறோம். எங்களுடைய கணக்கு எல்லாம் சித்திரையில் கழகங்கள் வைக்கும் பெண்கள் மரதனை நோக்கித்தான். முழு மரதன் 42.195 கிலோமீற்றர்; ஊர் விழாக்களில் ஓடுவது பெரும்பாலும் அதைவிட மிகக் குறைந்த தூரம். ஆகவே இங்கே சொல்வது 5 முதல் 10 கிலோமீற்றர் ஓட நினைப்பவர்களுக்கு. நிற்காமல் அரை மணித்தியாலம் மெதுவாக ஓட முடிகிற ஆள் இன்றைக்கே தொடங்கலாம். முடியாதவர்கள் இரண்டு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை என்று மாறி மாறிச் செய்து, முதலில் அந்த அரை மணித்தியாலத்துக்கு வரவேண்டும்.

முதலில் தூரம், பிறகு வேகம். இந்த வரிசையை மாற்றாதீர்கள். நியூசிலாந்துப் பயிற்றுநர் ஆர்தர் லிடியார்ட், 800 மீற்றர் ஓடுகிற பீட்டர் ஸ்னெல்லைக்கூட மாதக்கணக்காக நீண்ட தூரம் ஓட வைத்தார். ஸ்னெல் 1960 ரோம் ஒலிம்பிக்கில் 800 மீற்றரிலும், 1964 டோக்கியோவில் 800, 1500 இரண்டிலும் தங்கம் வென்றார். ஆறுதலான நீண்ட ஓட்டம் தசைக்குள் நுண்ணிய இரத்தக் குழாய்களைப் பெருக்கும், இதயம் ஒரு துடிப்பில் தள்ளுகிற இரத்தத்தின் அளவைக் கூட்டும். எலும்பும் தசைநாணும் அடிவாங்கப் பழகுவதும் இதில்தான், அதற்கு மூச்சு பழகுவதைவிடக் கூடுதல் நாள் எடுக்கும். முன்னெலும்பு நோவு வருகிற வழி இதுதான்: நெஞ்சு தயார் என்று சொல்லும், எலும்பு இன்னும் தயாராகியிருக்காது.

ஐப்பசி நடுவிலிருந்து மார்கழி பிறக்கும்வரை கிழமைக்கு நான்கு ஓட்டம் போதும். மூன்று, 30 முதல் 40 நிமிடம். ஒன்று நீண்டது, 50 நிமிடத்தில் தொடங்கி, கிழமைக்கு ஐந்து நிமிடம் கூட்டி, தை நடுவில் 85, 90 நிமிடத்துக்குக் கொண்டுவரலாம். நாலாவது கிழமைதோறும் எல்லாவற்றையும் கால்வாசி குறைத்து உடம்புக்கு இளைப்பாறுதல் கொடுங்கள். எல்லாம் பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகம். நானும் பெறாமகளும் வீட்டுக்கதை முழுவதும் அதில்தான் பேசி முடிப்போம். வசனம் பாதியில் அறுந்தால் வேகம் கூடிவிட்டது என்று அர்த்தம்.

கிலோமீற்றரை விட்டு நிமிடத்தைப் பிடியுங்கள் என்று நான் அழுத்திச் சொல்வேன். மாரியில் ஒரு நாள் பாதை நல்லது, மறுநாள் அதே பாதையில் முழங்கால் அளவு தண்ணீர். 8 கிலோமீற்றர் என்று மனதில் எழுதிவைத்தவர் அந்தத் தண்ணீருக்குள்ளும் இறங்குவார். 50 நிமிடம் என்று வைத்தவர் நல்லாயிருக்கிற ஒரே வீதியில் போய்த் திரும்பி, திரும்பவும் போய் முடித்துவிடுவார்.

வழியைப் பற்றி. நீண்ட ஓட்டத்துக்குக் கல்லடியிலிருந்து காத்தான்குடிப் பக்கம் போகும் பிரதான வீதியை நான் விரும்புகிறேன். வெளிச்சம் உண்டு, காப்பெட் போட்டது, தண்ணீர் வடிந்துவிடும். சுபஹுத் தொழுகைக்கு ஆட்கள் எழும்பியிருப்பார்கள், தேத்தண்ணிக் கடை திறந்திருக்கும், நடுவில் பேரீச்ச மரங்கள் வரிசையாக நிற்கும். பெண்கள் இருட்டில் ஓடுவதற்கு ஆள் நடமாட்டத்தைவிடப் பெரிய பாதுகாப்பு இல்லை. வாகனத்துக்கு எதிர்ப்பக்கமாக, அதாவது வலது ஓரமாக ஓடுங்கள். வருகிற பஸ்ஸை நீங்கள் பார்க்க வேண்டும். வெள்ளை அல்லது மஞ்சள் சேட், கையில் சின்ன டோர்ச். மார்கழித் திருவெம்பாவை நாட்களில் விடியப்புறம் சங்கும் சேமக்கலமுமாகப் பிள்ளைகள் தெருவில் போவார்கள். நாங்கள் ஆசையோடு காத்திருக்கிற நாட்கள் அவை, உள்வீதிகளிலும் நம்பி ஓடலாம்.

வாவிக்கு மேற்கே இருக்கிற படுவான்கரைக்கு மாரியில் நான் போவதில்லை. வயல்வெளி வீதி அழகுதான், ஆனால் வெள்ளம் குறுக்கறுக்கும், யானை வரும். நாவலடிப் பக்கம் கடலுக்கும் வாவிக்கும் நடுவே ஓடுவது நல்ல காற்று. அங்கே வாடையை எதிர்த்துப் புறப்பட்டு, அதை முதுகில் வாங்கித் திரும்புங்கள். மாறிச் செய்தால், நனைந்து களைத்த உடம்போடு கடைசியில் எதிர்காற்றில் வரவேண்டும், குளிர் பிடிக்கும். டிசம்பர் 26 காலையில் மட்டும் அந்தப் பக்கம் மணிக்கூடு பார்த்து ஓடப் போகாதீர்கள். 2004 சுனாமியில் போனவர்களுக்காகச் சனம் விளக்கேற்ற வருகிற இடம். நாங்கள் அன்று நடந்து போவோம்.

மழையில் நனைவதால் ஒன்றும் ஆகாது. பயப்பட வேண்டியது மூன்றுக்கு. முதலாவது மின்னல். மின்னி முழங்குவதற்கு இடையில் எண்ணுங்கள். ஒலி ஒரு கிலோமீற்றர் வர ஏறக்குறைய மூன்று வினாடி. முப்பதுக்குள் முழங்கினால் இடி பத்துக் கிலோமீற்றருக்குள் நிற்கிறது, உடனே ஒரு கட்டடத்துக்குள் போய்விட வேண்டும். தென்னைக்குக் கீழும் பாலத்திலும் கடற்கரையிலும் நிற்கக்கூடாது. கடைசி முழக்கத்துக்குப் பிறகு அரை மணித்தியாலம் பொறுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் இடிமழை பின்னேரத்தில்தான் கூடுதல். காலை ஓட்டம் இதற்காகவும் நல்லது.

இரண்டாவது, நிலம் தெரியாத தண்ணீர். உள்ளே மூடி கழன்ற வடிகான் இருக்கலாம், உடைந்த போத்தல் இருக்கலாம். காலில் கீறல் இருந்தால் எலிக்காய்ச்சல் கிருமி அதன் வழியாக உள்ளே போகும். வேறு வழியில்லாமல் இறங்கியிருந்தால் வீட்டுக்கு வந்து சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். அடுத்த இரண்டு மூன்று கிழமைக்குள் காய்ச்சல், கெண்டைத்தசை நோவு வந்தால் வைத்தியரிடம் ‘வெள்ளத்தில் இறங்கினேன்’ என்று நீங்களே முந்திச் சொல்லுங்கள். மழைக்குப் பிறகு டெங்கும் வரும். காய்ச்சலோடு ஓட்டம் வேண்டவே வேண்டாம். பரசிட்டமோல் தவிர ஐபுபுரோபன், அஸ்பிரின் போன்ற நோ மாத்திரைகளையும் தொடாதீர்கள், டெங்கில் அவை இரத்தக் கசிவைக் கூட்டும்.

மூன்றாவது நாய். மழைக்குக் கடை வாசலில் ஒதுங்கிக் கிடக்கும், ஓடுகிற ஆளைக் கண்டால் எழும்பித் துரத்தும். நின்று, அதைப் பார்த்தபடி மெதுவாகப் பின்வாங்கினால் பெரும்பாலும் விட்டுவிடும். கடித்தால் பதினைந்து நிமிடம் சவர்க்காரத் தண்ணீரில் கழுவி, அன்றைக்கே ஆஸ்பத்திரி.

இனி வேகம். மார்கழி பிறந்ததும் தொடங்கலாம், அதுவும் சிறிதாக. ஆறுதலான ஓட்டம் ஒன்று முடிகிற நேரத்தில், காய்ந்த நேரான வீதித்துண்டு ஒன்றில் 20 வினாடி விரைவாக ஓடி, நடந்து திரும்பி வாருங்கள். நான்கு தரம், பிறகு ஆறு. முழுப்பலத்தோடு பாய வேண்டாம். தோளும் தாடையும் தளர்வாக இருக்க, கால் மட்டும் சுறுசுறுப்பாக அடிக்க வேண்டும். வளைவில் செய்யாதீர்கள். வீதியில் அடித்த வெள்ளைக்கோடும் வடிகான் இரும்பு மூடியும் ஈரத்தில் வழுக்கும்.

இரண்டு கிழமை அப்படி. அடுத்து, கிழமையில் ஒரு நாளை வேக நாளாக ஆக்குங்கள். மைதானப் புல் சதுப்பாகக் கிடக்கும், 400 மீற்றர் வட்டம் போட முடியாது, ஆகவே இங்கேயும் நேரந்தான். பத்து நிமிடம் மெதுவாக ஓடிச் சூடேற்றி, பிறகு 2 நிமிடம் விரைவு, 2 நிமிடம் மெது, ஆறு முறை. விரைவு என்றால் மூன்று நான்கு சொல்லுக்கு மேல் பேச வராத அளவு. ஆறாவதை முதலாவதைப் போலவே ஓட முடிந்தால் சரியான வேகம். நாலாவதிலேயே கால் கனத்தால் அடுத்த கிழமை அடக்கித் தொடங்குங்கள். காற்றை எதிர்க்கும்போது மணிக்கூட்டைப் பார்க்கத் தேவையில்லை, மூச்சின் அளவைப் பாருங்கள்.

தை பிறந்த பிறகு இன்னொன்று சேரும்: 20 நிமிடம் விடாமல், கடினம் ஆனால் கட்டுக்குள் என்ற வேகத்தில். 10 கிலோமீற்றர் ஓடப் போகிறவருக்கு எல்லாப் பயிற்சியிலும் பெறுமதியானது இதுதான் என்பது என் முடிவு. இதையும் 2 நிமிட ஓட்டத்தையும் கிழமை மாறிக் கிழமை வையுங்கள். இரண்டையும் ஒரே கிழமையில் செய்ய ஆசை வரும். நாற்பது கடந்தவர்கள் அந்த ஆசையை அடக்க வேண்டும். வேக நாளுக்கும் நீண்ட ஓட்டத்துக்கும் நடுவில் இரண்டு நாளாவது இடைவெளி இருக்கட்டும்.

மழை மூன்று நாள் விடாமல் ஊற்றும் நாட்களும் உண்டு. பெறாமகள் யன்னலடியில் நின்று, “பெரியம்மா, மழ விட்ட மறுகா போவமா?” என்பாள். விடாவிட்டால் விறாந்தையில்தான் பயிற்சி. படி விளிம்பில் ஒற்றைக்காலில் நின்று குதிகாலை உயர்த்தி, மெதுவாகக் கீழே இறக்குவது, காலுக்குப் பதினைந்து, மூன்று சுற்று. படியில் ஏறி இறங்குவது, பாதி இருந்து எழும்புவது, முழங்கையை ஊன்றி உடம்பைப் பலகை போல நேராகப் பிடிப்பது. மலை இல்லாத ஊர் நம்முடையது. ஏற்றத்தில் ஓடி வரவேண்டிய கால்பலத்தை இப்படித்தான் தேட வேண்டும்.

சப்பாத்து ஒரு சோடி காணாது. விலை குறைந்ததாக இருந்தாலும் இரண்டு வைத்து மாற்றிப் போடுங்கள். நனைந்து வந்ததும் உள் அட்டையைக் கழற்றி வெளியே எடுத்து, பழைய பத்திரிகையைக் கசக்கித் திணியுங்கள். ஒரு மணித்தியாலத்தில் அந்தத் தாளை எடுத்துவிட்டுப் புதிது வையுங்கள். விசிறிக்குக் கீழே வைத்தால் விடிய ஓரளவு காய்ந்துவிடும். அடுப்படியில் வைத்தால் பசை விட்டு அடி கழன்றுவிடும். பருத்தி சொக்ஸ், பருத்தி சேட் இரண்டும் தண்ணீர் குடித்துக் கனத்து உரசும். கிரிக்கெட் ஆடுகிற பிள்ளைகள் போடும் மெல்லிய பொலியெஸ்டர் சேட் நல்லது. உரசும் இடங்களில், பெண்கள் உள்ளாடையின் கீழ்ப்பட்டி ஓரத்திலும், வஸ்லின் பூசுங்கள். போனைப் பொலித்தீன் பையில் சுற்றிக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டில் பெரிய வித்தை இல்லை. ஒரு வாழைப்பழம், ஒரு பிளேன்டி, புறப்படலாம். நீண்ட ஓட்டம் முடிந்து வந்ததும் சோறோ புட்டோ, கூட முட்டை, மீன் அல்லது நம்ம எருமைத் தயிர். குளிராக இருப்பதால் தாகம் தெரியாது; ஆனாலும் வியர்க்கிறது, குடியுங்கள்.

பொங்கல் கழிந்த கிழமையில் காய்ந்த ஒரு காலையில் 5 கிலோமீற்றரை உங்களால் இயன்ற வேகத்தில் ஓடி நேரத்தை எழுதி வையுங்கள். 30 நிமிடம் என்றால் கிலோமீற்றருக்கு 6 நிமிடம். மாசியில் மைதானம் காய்ந்ததும் 400 மீற்றர் சுற்றை அந்த வேகத்தில், அதாவது 2 நிமிடம் 24 வினாடியில், ஆறிலிருந்து எட்டுத் தரம் ஓடலாம். நடுவில் 200 மீற்றர் மெதுஓட்டம். 5 கிலோமீற்றர் 30 நிமிடம் ஓடுகிறவர் 10ஐ ஏறக்குறைய 62, 63 நிமிடத்தில் முடிக்கலாம்.

அந்த எண் குளிர் காலையில் வந்தது, சித்திரை அப்படி இருக்காது. வெப்பத்துக்கு உடம்பு பழக பத்துப் பதினான்கு நாள் எடுக்கும். ஆகவே பங்குனி கடைசி இரண்டு கிழமையில் ஆறுதலான ஓட்டங்களை மட்டும் காலை ஏழரைக்குத் தள்ளி, வெயிலில் ஓடுங்கள். தலையில் தொப்பி, கையில் தண்ணீர். வேக நாள் வழக்கம்போல விடியப்புறத்திலேயே இருக்கட்டும். கடைசிக் கிழமையில் பாதித் தூரம் போதும். மரதன் நாளில் முதல் இரண்டு கிலோமீற்றரைக் கணக்குப் போட்ட வேகத்தைவிடக் கிலோமீற்றருக்கு 10 வினாடி மெதுவாகத் தொடங்குங்கள். பாதி தாண்டும்போது முன்னால் பாய்ந்து போனவர்களை ஒவ்வொருவராகப் பிடிக்கத் தொடங்குவீர்கள்.