நாட்டுப்பனை, தாளிப்பனை, உட்டான்: பிரித்தறிவது எப்படி?

விசிறி ஓலை விரிக்கும் பெரிய பனைகளில் ஆள் மாறாட்டம் அதிகம் நடப்பது மூன்றுக்குள்: நாட்டுப்பனை, தாளிப்பனை, தென்கிழக்காசியா முதல் வட ஆஸ்திரேலியா வரை வளரும் கோரிஃபா உட்டான். தாளிப்பனையும் கோரிஃபா என்ற பேரினத்தைச் சேர்ந்ததே, நாட்டுப்பனை பொராசஸ் என்ற வேறு பேரினம். உயரத்தை வைத்து முடிவு கட்ட வேண்டாம். நாட்டுப்பனையும் தாளிப்பனையும் 20 மீட்டரைத் தாண்டி வளரும்.

முதலில் பொராசஸா, கோரிஃபாவா என்று பாருங்கள். நாட்டுப்பனையில் மட்டை விசிறிக்குள் சற்றே நுழைந்து நின்றுவிடும். கோரிஃபாவில் அது தடித்த நடுநரம்பாக ஓலைக்குள் நெடுந்தூரம் ஓடி வளையும். அதனால் ஓலை தட்டையாக விரியாமல் நடுவில் மடிந்து இருபுறமும் சரியும். தாளிப்பனை ஓலை 5 மீட்டர் அகலம்கூட வரும். நாட்டுப்பனை ஓலை அதில் பாதியைத் தொடுவதே அரிது.

மட்டைகளுக்கு இடையில் பாளையோ காய்க்குலையோ தெரிந்தால் சந்தேகமே வேண்டாம், நாட்டுப்பனைதான். கோரிஃபா வாழ்நாளில் ஒரே முறை, உச்சியில் பூத்து, காய் முற்றியதும் பட்டுப்போகும். தாளிப்பனை பூக்க 30 முதல் 80 ஆண்டுகள் ஆகும். அதன் காய் 3–4 செ.மீ. உருண்டை, உள்ளே ஒரே விதை. உட்டான் காய் இன்னும் சிறியது.

மட்டையின் அடி கவட்டையாகப் பிளந்திருப்பதைப் பார்த்து நாட்டுப்பனை என்று சொல்பவர்கள் பலர். அந்தப் பிளவு கோரிஃபாவிலும் உண்டு. இதற்கு அது உதவாது.

தாளிப்பனையையும் உட்டானையும் பிரிப்பதுதான் கடினம். நாங்கள் முதலில் பார்ப்பது மட்டையின் அடியை. பச்சை மட்டையின் விளிம்பைக் கருக்கோடு (ரம்பம்போன்ற பல் வரிசை) கீழே தொடர்ந்து வாருங்கள். பன்னாடையோடு, அதாவது மட்டையடியில் தண்டைச் சுற்றியிருக்கும் நார்உறையோடு, சேரும் இடத்தில் இருபுறமும் காதுமடல்போல ஒரு மடல் துருத்தி நின்றால் தாளிப்பனை. காய்ந்த மட்டையில் மடல் கிழிந்து உதிர்ந்திருக்கும். அதனால் இரண்டு மூன்று பச்சை மட்டைகளையாவது பார்க்க வேண்டும். அடுத்தது தண்டு. தாளிப்பனையில் மட்டைத் தழும்புகள் வளையம் வளையமாக இருக்கும். உட்டானில் திருகுபோலச் சுற்றி ஏறும். கருக்குப் பல்லின் அளவை மட்டும் நம்பாதீர்கள், மரத்தின் வயதுக்கேற்ப மாறும்.

காது இல்லை என்பதாலேயே உட்டான் என்று பெயர்ப்பலகை எழுதிவிடவும் கூடாது. வங்கத்தின் கோரிஃபா டாலியெராவுக்கும் காது கிடையாது. காட்டில் அற்றுப்போய்விட்ட அந்த இனம், வளர்ப்பில் மட்டுமே மிஞ்சியிருக்கிறது. மரம் எங்கிருந்து வந்தது என்ற பதிவு தோட்டத்தில் இருக்கிறதா என்று கேளுங்கள்.

கன்றுப் பருவத்தில் முயல வேண்டாம். முதல் ஓலைகள் எல்லாவற்றிலும் பிரியாத ஒற்றை இலையாகவே இருக்கும்.

படம் எடுத்து அனுப்பி இனம் கேட்பதானால் நான்கு படங்கள் தேவை: முழு மரம், ஓலையின் பக்கவாட்டு, மட்டையின் அடி, தண்டு. கடைசி இரண்டிலும் ஓர் அளவுகோலை ஒட்டி வையுங்கள். உச்சியில் பூத்துவிட்ட கோரிஃபா என்றால் மட்டையடிப் படத்தை முதலில் எடுங்கள். காய் முற்ற ஏறக்குறைய ஓராண்டு ஆகும். அதற்குள் ஓலைகள் ஒவ்வொன்றாகக் காய்ந்து தொங்கிவிடும்.