'லுக்' என்ற சொல்லைச் சறுக்காமல் கையாள

தமிழில் 'பார்' கண்ணோடு நின்றுவிடுவதில்லை. வேலை பார்க்கிறோம், கணக்குப் பார்க்கிறோம், எழுதிப் பார்க்கிறோம், குழந்தையைப் பார்த்துக்கொள்கிறோம். ஆங்கிலத்தின் 'லுக்' சொல்லுக்கும் இப்படிப் பல வேலைகள் உண்டு. ஆனால் இரண்டும் ஒரே வேலைகளைச் செய்வதில்லை. தமிழில் மனதுக்குள் 'பார்' என்று நினைத்து, அப்படியே 'லுக்' போட்டுப் பேசும்போதுதான் பெரும்பாலான பிழைகள் வருகின்றன.

முதலில் 'லுக்' தேவையா என்று முடிவு செய்யுங்கள். தானாகக் கண்ணில் பட்டால் 'சீ'. வேண்டுமென்றே கண்ணைத் திருப்பினால் 'லுக்'. அசைவதை, நடப்பதைத் தொடர்ந்து கவனித்தால் 'வாட்ச்'. 'ஐ லுக்ட், பட் ஐ டிட்ன்ட் சீ எனிதிங்' என்ற ஒரே வாக்கியத்தில் முதலிரண்டுக்கும் உள்ள வேறுபாடு அடங்கிவிடும்: பார்த்தேன், ஒன்றும் தென்படவில்லை. திரைப்படத்துக்கு 'சீ' வரும், 'வாட்ச்' வரும், 'லுக்' வராது.

அடுத்தது 'அட்'. தமிழில் 'என்னை', 'படத்தை' என்று 'ஐ' உருபு அந்த வேலையை முடித்துவிடுவதால், 'லுக் மீ', 'லுக் த பிக்சர்' என்று சொல்லிவிடுகிறோம். 'லுக் அட் மீ' என்பதே சரி. பார்க்கும் பொருளைச் சொல்லாவிட்டால் 'அட்' வேண்டாம், வெறும் 'லுக்!' போதும். கண்ணுக்குக் கண் நேராகப் பார்க்கச் சொல்லும் 'லுக் மீ இன் தி ஐ' என்ற தொடர் இதற்கு விதிவிலக்கு.

தோற்றத்தைச் சொல்லும் 'லுக்' வேறு ரகம். இங்கே அவர் எதையும் பார்க்கவில்லை. நமக்கு அப்படித் தெரிகிறார். அதனால் பின்னால் பெயரடைதான் வரும்: 'யூ லுக் டயர்ட்', 'ஷீ லுக்ஸ் ஹாப்பி'. 'ஹாப்பிலி' என்று வினையடை போட்டால் பிழை. ஒருவரைப் போல இருக்கிறார் என்றால் 'லைக்' சேரும்: 'ஹீ லுக்ஸ் லைக் ஹிஸ் ஃபாதர்'. இதை 'இஸ் லுக்கிங் லைக்' என்று நீட்ட வேண்டாம். சாயல் நிலையானது, நடந்துகொண்டிருக்கும் செயல் அல்ல.

இனி, பின்னால் ஒட்டும் சிறு சொற்கள். பொருளை உண்மையில் தீர்மானிப்பவை இவைதான்.

'லுக் ஃபார்' என்றால் தேடுவது. கிடைத்தபின் 'ஃபைண்ட்'. 'லுக் ஆஃப்டர்' பார்த்துக்கொள்வது: குழந்தை, நோயாளி, வீடு, செல்லப்பிராணி. 'கவலைப்படாதே, அந்த வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன்' என்பதற்கு 'டேக் கேர் ஆஃப் இட்' பொருத்தம். 'லுக் இன்டூ' விசாரிப்பது. 'வி வில் லுக் இன்டூ இட்' என்று பதில் வந்தால், செய்து தருகிறோம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். என்னவென்று பார்க்கிறோம் என்ற அளவுதான் அதில் வாக்குறுதி. 'லுக் அப் டு' மதிப்பது, 'லுக் டவுன் ஆன்' இளக்காரமாக நினைப்பது.

'லுக் ஃபார்வர்ட் டு' இரண்டு விதத்தில் காலை வாரும். ஒன்று இலக்கணம்: இங்குள்ள 'டு' முன்னிடைச்சொல். ஆகவே 'டு மீட் யூ' அல்ல, 'டு மீட்டிங் யூ'. சந்தேகம் வந்தால் அந்த இடத்தில் ஒரு பெயர்ச்சொல்லை வைத்துப் பாருங்கள்; 'டு த ஹாலிடே' பொருந்துகிறது, எனவே வினைக்கும் 'இங்' வேண்டும். மற்றொன்று பொருள்: 'எதிர்பார்' என்பதற்கு நேர்ச்சொல்போலத் தோன்றினாலும், ஆவலோடு காத்திருப்பதை மட்டுமே இது குறிக்கும். தோல்வியை எதிர்பார்த்தேன் என்பதற்கு இதைப் போட்டால், தோற்க ஆசைப்பட்டதாகிவிடும். அங்கே 'எக்ஸ்பெக்ட்'.

இன்னொரு ஆபத்தான ஜோடி 'லுக் ஓவர்', 'ஓவர்லுக்'. முதலாவது படித்துச் சரிபார்ப்பது. இரண்டாவது கவனிக்காமல் விடுவது, அல்லது தவறைக் கண்டும் காணாமல் இருப்பது. மேலதிகாரியிடம் 'ப்ளீஸ் ஓவர்லுக் மை ரிப்போர்ட்' என்று எழுதினால், அறிக்கையைப் புறக்கணிக்கும்படி நீங்களே கேட்கிறீர்கள்.

'இட்', 'ஹிம்' போன்ற பிரதிப்பெயர் எங்கே நிற்கும் என்பதும் முக்கியம். அகராதியில் தேடுவதைக் குறிக்கும் 'லுக் அப்' பிரியும்: 'லுக் இட் அப்'. 'லுக் ஓவர்' அப்படியே: 'லுக் இட் ஓவர்'. 'லுக் ஆஃப்டர்', 'லுக் ஃபார்', 'லுக் இன்டூ' மூன்றும் பிரியா: 'லுக் ஆஃப்டர் ஹிம்'. இதற்குக் குறுக்குவழி கிடையாது. பிரதிப்பெயரோடு சேர்த்தே மனப்பாடம் செய்வது நல்லது.

கடைசியாக, 'லுக்' அறவே வரக்கூடாத 'பார்'கள். 'கேட்டுப் பார்' என்பதில் பார்வையே இல்லை, முயற்சிதான், 'ட்ரை ஆஸ்கிங்'. 'வேலை பார்க்கிறார்' வெறும் 'வொர்க்ஸ்'. 'டாக்டரைப் பார்' என்றால் 'சீ எ டாக்டர்'. இதில் ஒரு எச்சரிக்கை: 'ஐ ஆம் சீயிங் சம்ஒன்' என்று பொதுவாகச் சொன்னால், காதலில் இருக்கிறேன் என்றே புரிந்துகொள்வார்கள். 'பார்த்துப் போ' என்பதற்கு 'பீ கேர்ஃபுல்'. 'லுக் அவுட்!' என்பதை வண்டி மோத வரும் நொடிக்கு வைத்துக்கொள்ளுங்கள். படியிறங்குபவரிடம் அப்படிக் கத்தினால், பயத்திலேயே தடுமாறுவார்.