ஒன்று முதல் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடம் நாம் செய்யக் கூடாதவை

ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் முடித்து ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளியில் சேர்ந்ததிலிருந்து எனக்கு ஒன்று முதல் மூன்று வரைதான் வகுப்பு, பெரும்பாலும் மூன்றும் ஒரே அறையில். அப்பா கொத்தனார், அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, எனக்கு எழுத்துக்கூட்டச் சொல்லித் தந்தது பள்ளிக்கூடம் மட்டும்தான். அதனால் "வீட்டில் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுங்கள்" என்று பெற்றோர் தலையில் கட்டுவதை என்னால் ஏற்கவே முடியாது. படிக்க வைப்பது நம் வேலை. அந்த வேலையில் புதிதாக வருபவர்கள் திரும்பத் திரும்பச் செய்யும் சில தவறுகளைச் சொல்கிறேன்.

முதலாவது, சத்தத்தைப் படிப்பு என்று நம்புவது. நாற்பது பிள்ளைகள் சேர்ந்து "அணில், ஆடு, இலை, ஈ" என்று கத்தும்போது கேட்க நன்றாகத்தான் இருக்கும். படத்தைக் கையால் மறைத்துவிட்டு நடுவில் ஓர் எழுத்தைத் தொட்டுக் கேளுங்கள். பாதிப் பேர் முதல் எழுத்திலிருந்து மனதுக்குள் சொல்லிக்கொண்டே வந்துதான் பதில் சொல்வார்கள். பக்கம் மனப்பாடம் ஆகியிருக்கிறது, எழுத்து தெரியவில்லை. 247 எழுத்தையும் அட்டவணை வரிசையில் முடித்த பிறகுதான் சொல் என்று காத்திருந்தால் பிள்ளைக்கு அலுத்துவிடும். ப, ட, ம் மூன்றும் தெரிந்த அன்றைக்கே "படம்" என்று வாசித்துவிடலாமே. எழுதவும் ப, ட எளிது, நேர்கோடுதான். அ சுழித்து வளைத்து எழுத வேண்டிய எழுத்து, ஐந்து வயது விரலுக்கு அது பெரிய வேலை.

அடுத்தது "பத்துத் தடவை எழுது". இதை எழுதும்போது பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்களா? "மரம்" என்று பத்துத் தடவை எழுதச் சொன்னால், முதலில் மேலிருந்து கீழாகப் பத்து ம, அப்புறம் பத்து ர, அப்புறம் பத்து ம, கடைசியில் வரிசையாகப் புள்ளி. நோட்டில் பத்து மரம் இருக்கும், அந்தப் பிள்ளை ஒரு மரத்தைக்கூட எழுதியிருக்காது. முடிந்த நோட்டைத் திருத்துவதைவிட எழுதும் கையைப் பார்ப்பதுதான் முக்கியம் என்று நான் நினைப்பது இதனால்தான். இரண்டு தடவை போதும், ஆனால் சொல்லைச் சொல்லிக்கொண்டே எழுதட்டும்.

பேச்சைத் திருத்தும் அவசரமும் வேண்டாம். "டீச்சர், எங்க ஊட்ல ஆடு குட்டி போட்டுச்சு" என்று ஓடி வரும் பிள்ளையிடம் "வீட்டில் என்று சொல்" என்றால் அது ஆட்டுக்குட்டியை அப்படியே விழுங்கிவிட்டு இடத்தில் போய் உட்கார்ந்துவிடும். எத்தனை குட்டி, என்ன நிறம் என்று கேளுங்கள், பிறகு அதையே கரும்பலகையில் "எங்கள் வீட்டில் ஆடு குட்டி போட்டது" என்று எழுதி வாசிக்க வையுங்கள். ஓசூர்ப் பக்கம் தெலுங்கும் கன்னடமும் பேசும் வீட்டுப் பிள்ளைகள், வேலைக்கு வந்த வடமாநிலக் குடும்பத்துப் பிள்ளைகள் எல்லாரும் நம் வகுப்பில் இருக்கிறார்கள். அவர்கள் பேசாமல் இருப்பதை மந்தம் என்று எடுத்துக்கொள்ளவே கூடாது.

2022-ல் தமிழக அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்த பிறகு பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலைப்படி பிரித்துப் பாடம் நடத்துகிறோம், அரும்புதான் அடி நிலை. நல்ல ஏற்பாடு. ஆனால் "இவன் அரும்பு சார்" என்று பிள்ளை காதுபடவே சொல்வதைக் கேட்கும்போது வலிக்கிறது. நிலை மாறத்தானே பிரித்தது? அடிப்பதைப் போலவே மனரீதியாகத் துன்புறுத்துவதையும் 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு தடை செய்கிறது. மக்கு என்று பெயர் வைப்பதும் அடிதான்.

"புரிஞ்சுதா?" என்ற கேள்வியை விட்டுவிடுங்கள். எல்லாரும் புரிந்தது என்றுதான் சொல்வார்கள்.

கணக்கில் தவறான விடைக்குச் சிவப்பு மையில் பெருக்கல் குறி போட்டு அனுப்பிவிடுகிறோம். 42-லிருந்து 17-ஐக் கழிக்கச் சொன்னால் 35 என்று எழுதும் பிள்ளை கவனக்குறைவால் எழுதவில்லை. 2-லிருந்து 7 போகாது, அதனால் 7-லிருந்து 2-ஐக் கழித்து 5, 4-லிருந்து 1 போக 3. அதற்கென்று ஒரு முறை வைத்திருக்கிறது. முந்நூற்று ஆறை 3006 என்று எழுதும் பிள்ளையும் அப்படியே, காதில் விழுந்ததை ஒழுங்காகத்தான் எழுதியிருக்கிறது. "எப்படிப் போட்டாய்?" என்று கேட்டால் அதுவே சொல்லிவிடும். சரி, பிறகு? தீக்குச்சிகளைப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்டு நாலு கட்டும், உதிரியாக இரண்டும் கையில் கொடுத்துப் பதினேழு கேளுங்கள். உதிரி போதாது என்று தெரிந்ததும் கொஞ்ச நேரம் முழிக்கும், உங்களைப் பார்க்கும், நீங்கள் வாயைத் திறக்காமல் இருந்தால் தானே ஒரு கட்டை அவிழ்த்துவிடும். அப்படித் தானாக அவிழ்க்கும்வரை தாளில் கடன் வாங்கிக் கழிப்பதைக் காட்டாதீர்கள்.