பார் சால் பாசனம்: நீரைப் பாய்ச்சவும் வடிக்கவும் ஒரே சால்

திருமங்கலம், கள்ளிக்குடி, டி. கல்லுப்பட்டி வட்டாரக் கரிசலில் பருத்தியோ மக்காச்சோளமோ போடுவோருக்கு ஐப்பசி, கார்த்திகையில் நீர் தேங்கி வேர் அழுகும் கவலையும், மழை ஓய்ந்தபின் கிணறு வற்றும் கவலையும் அடுத்தடுத்து வருகின்றன. நிலம் முழுவதையும் நனைக்காமல், பார்களுக்கு (பயிர் நிற்கும் மேடான மண் வரிசைகளுக்கு) இடையிலுள்ள சாலில் (நீளமான பள்ளத்தில்) மட்டும் நீர் விடும் முறை இரண்டுக்கும் ஈடுகொடுக்கும். ஆனால், சரிவு சரியாக அமைந்தால்தான்.

ஆகவே முதல் வேலை சரிவு பார்ப்பது. நீர் நிரப்பிய டியூபைக் கொண்டு வயலின் இரு முனைகளையும் மட்டம் பாருங்கள். 100 மீட்டருக்கு 20 முதல் 50 செ.மீ. வரை தாழ்வு இருப்பது நல்லது. அதற்கு மேல் போனால் மண் அரிக்கும், 5 செ.மீ.க்கும் குறைந்தால் மழைநீர் வடியாது. இடையிலுள்ள பள்ளங்களை நிரவாமல் பார் பிடித்தால், கடைசி வரை ஓட வேண்டிய நீர் அங்கேயே குட்டையாக நின்றுவிடும்.

அடுத்து, புழுதி உழவு முடிந்ததும் பார் கலப்பையால் சரிவை ஒட்டிச் சால் இழுக்க வேண்டும். மக்காச்சோளத்துக்கு 60 செ.மீ., பருத்திக்கு 75 செ.மீ. அல்லது அதற்கு மேல் இடைவெளி விடலாம். கரிசலில் நீர் பக்கவாட்டில் பரவுவதால் அகன்ற, ஆழம் குறைந்த சால் போதும். மணற்பாங்கான செம்மண்ணில் நீர் நேராகக் கீழே இறங்கிவிடும் என்பதால் சால்கள் நெருக்கமாகவும், நீளம் குறைவாகவும் இருக்க வேண்டும். விதையைப் பாரின் பக்கச் சரிவில் ஊன்றுங்கள். கிணற்று நீர் உப்பாக இருந்தால், அந்த உப்பு பாரின் உச்சியில்தான் சேரும்.

சால்கள் முடியும் கடைமடையில், சாலின் அடிமட்டத்தைவிடத் தாழ்வான வடிகால் ஒன்று அவசியம். பலர் விட்டுவிடுவது இதைத்தான்.

நீர் பாய்ச்சும்போது சாலுக்குள் நீர் விடும் மடை ஒவ்வொன்றிலும் எவ்வளவு ஓடுகிறது என்று வாளி வைத்துப் பாருங்கள்: 10 லிட்டர் வாளி 20 விநாடியில் நிரம்பினால் விநாடிக்கு அரை லிட்டர். மொத்தம் 2 மணி நேரம் விட வேண்டிய சாலில் அரை மணிக்குள் நீர் கடைசியை எட்ட வேண்டும். தாமதமானால் தலைமடையில் நீர் வீணாக ஆழத்துக்குப் போகிறது என்று பொருள். ஓட்டத்தைக் கூட்டுங்கள், அல்லது சாலின் நீளத்தை இரண்டாகப் பிரித்துவிடுங்கள். கடைசியை எட்டியபின் மடையைப் பாதி அடைத்தால் போதும்.

பயிர் வேரூன்றியபின், ஒருமுறைக்கு ஒன்றுவிட்டு ஒரு சாலிலும், மறுமுறை விடுபட்ட சாலிலுமாகப் பாய்ச்சினால் நீர் கணிசமாக மிச்சமாகும். முளைப்புக்கும் பூக்கும் பருவத்துக்கும் இந்தச் சிக்கனம் வேண்டாம்.

சாதாரண நாட்களில் சால்களின் கடைசியை மம்பட்டியால் அணைத்து வையுங்கள். மழை பிடிக்கும் அறிகுறி தெரிந்ததும் அவற்றை வெட்டிவிட்டு, வடிகால் நீரைப் பண்ணைக்குட்டைக்குத் திருப்புங்கள். தை மாதத்தில் ஒரு தண்ணீர் பாய்ச்ச அது உதவும்.